எண்ணிக்கொண்டிருக்கும்போது

அன்பு மகளுக்கு,

நேற்று இரவு ஒன்பதரைக்குப் பேசும்போதும் நீ ஆபீஸில்தான் இருந்தாய். "காலையிலிருந்து ஓடிக்கிட்டே இருக்கேன்மா, என் வேலையை இன்னும் தொடவே இல்லை" என்றாய். போனை வைத்த பிறகும் அது காதிலேயே நின்றது.

நான் வங்கியில் கேஷ் கவுண்டரில் இருந்த நாட்களில் எங்கள் கிளைக்கு நோட்டு எண்ணும் இயந்திரம் வரவில்லை. நூறு நோட்டு ஒரு கட்டு, எல்லாம் விரலால்தான். எழுபத்திரண்டில் இருக்கும்போது யாராவது "மேடம், ஒரு சின்ன சந்தேகம்" என்றால் போச்சு, திரும்ப ஒன்றிலிருந்து. அவர் கேட்டது அரை நிமிடம், எனக்குப் போனது அந்த எழுபத்திரண்டும். அப்புறம் கட்டு முடியும்வரை தலையை நிமிர்த்தாமல் இருக்கப் பழகினேன். மேனேஜரே வந்தாலும் நிற்பார். யாரும் கோபித்துக்கொண்டதில்லை, நான் எண்ணுவது எல்லார் கண்ணுக்கும் தெரிந்ததே!

நீ மனசுக்குள் எண்ணுகிறாய், கண்ணு. பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு அது தெரியாது. அதனால் நீதான் வாய் திறந்து "பதினொன்றரைக்கு வர்றேன்" என்று சொல்ல வேண்டும். சொன்னபடி போகவும் வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை காத்திருக்க மாட்டார்கள்.

காலையில் மெயிலைத் திறந்தால் பதில் போடுவதிலேயே பத்தரை ஆகிவிடுகிறது என்று நீதானே சொன்னாய்? கனமான வேலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு அதைத் திற. பகலில் நான் அனுப்பும் வாட்ஸ்அப்புக்கும் உடனே பதில் வேண்டாம், வருத்தப்பட மாட்டேன்.

எவ்வளவு நேரம் கொடுத்தாலும் வேலை அதை நிரப்பிக்கொள்ளும் என்று பார்க்கின்சன் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் 1955-லேயே எழுதினார். மீட்டிங்கும் அப்படித்தான். நீ கூப்பிடும் மீட்டிங்கையாவது இருபது நிமிடத்துக்குப் போடு.

சில நாள் எழுந்து போகத்தான் வேண்டியிருக்கும், சரி. ஜூனிலும் டிசம்பரிலும் அரையாண்டு வட்டி போடும்போது யாராவது கூப்பிட்டால், எந்தக் கணக்கு வரை முடித்தேன் என்று பென்சிலால் துண்டுச்சீட்டில் எழுதி லெட்ஜரில் வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். திரும்பி வந்ததும் தேட வேண்டியதில்லை. நீயும் ஒரு வரி எழுதிவிட்டுப் போ.

புதன்கிழமை ஏழரைக்கு வீட்டிலிருந்து கூப்பிடு. நீ சாப்பிடும்வரை பேசிக்கொண்டிருக்கலாம்.

அன்புடன்,
அம்மா