முதல் செமஸ்டர் மார்க்கை யார் பார்க்கிறார்கள்?

பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. சித்தி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் காதில் விழுந்தால் பொழுது சாய்வதற்குள் தென்காசி வரைக்கும் போய்விடும், உனக்கே தெரியும். அதனால்தான் "சரி சரி, அப்புறம் பேசுவோம்" என்று வைத்துவிட்டேன். மறுபடி போன் பண்ணினால் நீ பாதியில் "ம்மா, மீட்டிங்" என்பாய். எழுதியே அனுப்புகிறேன், கம்பெனி பஸ்ஸில் போகும்போது படி.

வேலையை விட்டுவிட்டு எம்.எஸ்சி. கணிதம் படிக்க ஆசையாக இருக்கிறது, ஐஐடிக்கும் சென்னைக் கணிதக் கழகமான சிஎம்ஐக்கும் போட்டுப் பார்க்கலாமா, ஆனால் முதல் வருஷ மார்க்கைப் பார்த்தாலே ஒதுக்கிவிடுவார்களே என்றாய். போட்டுப் பார்ப்பதில் எனக்கு யோசனையே இல்லை, போடு. மார்க்கைப் பற்றிய உன் பயத்தைத்தான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

கல்லூரி ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து என் மேஜையில் மார்க் ஷீட் இல்லாத நாள் கிடையாது. எத்தனையோ பிள்ளைகள் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிப் போய் எங்கெங்கோ நீட்டியிருக்கிறார்கள். அதில் நான் கண்டது, மார்க் ஷீட்டை யாரும் முழுசாகப் படிப்பதில்லை என்பதுதான். கேம்பஸுக்கு வரும் கம்பெனிக்காரர் பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் இருக்கிறதா, நிலுவையில் அரியர் இருக்கிறதா என்று பார்ப்பார். அதோடு மடக்கி வைத்துவிடுவார். மேற்படிப்புக்குப் பல இடங்களில் பார்ட் 3, அதாவது முக்கியப் பாடங்களின் சதவீதத்தை மட்டும் எடுப்பார்கள். தமிழில் நீ வாங்கிய மார்க்கை நான் சொந்தக்காரர்களிடம் பெருமையடித்தது தவிர அதற்கு வேறு உபயோகம் இருக்கவில்லை. ஆகவே 'என் மார்க் மோசமா' என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டுக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. எந்த இடத்தில், யார், எந்தக் கட்டத்தைப் பார்க்கப் போகிறார் என்று கேள்.

ஐஐடி எம்.எஸ்சி.க்குத் தரவரிசை போடுவது ஜாம் என்கிற நுழைவுத் தேர்வு மார்க்கை வைத்து. பட்டம் வேண்டும், அந்தப் படிப்புக்குக் கேட்கிற பாடங்களைப் படித்திருக்க வேண்டும். வயது வரம்பு கிடையாது. முதல் செமஸ்டர் கால்குலஸில் நீ வாங்கியது 31-ஆ 91-ஆ என்பது அந்தத் தரவரிசைக்குள் நுழையாது. என்ஐடிகளில் ஜாம் மார்க்கோடு டிகிரியில் குறைந்தபட்ச சதவீதமும் எதிர்பார்ப்பார்கள், ஆனால் கடைசி இரண்டு வருஷம் இழுத்துப் பிடித்து அதை நீ ஏற்றிவிட்டாய். பெங்களூர் ஐஐஎஸ்சியின் ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கும் ஜாம் வழியாகப் போகலாம், அங்கே நேர்காணலும் உண்டு. இந்தியப் புள்ளியியல் கழகமான ஐஎஸ்ஐ தானே எழுத்துத் தேர்வும் நேர்காணலும் வைக்கிறது. சிஎம்ஐக்கும் தனித் தேர்வு. நீ தினம் வேலைக்குப் போகிற அதே சிறுசேரி சிப்காட்டுக்குள்தான் அது இருக்கிறது, சி.எஸ்.சேஷாத்ரி 1989-இல் தொடங்கியது. பழைய கேள்வித்தாள்களை அவர்கள் இணையதளத்திலேயே போட்டு வைத்திருக்கிறார்கள்.

இதுவே எம்பிஏ என்று நீ சொல்லியிருந்தால் நான் யோசித்திருப்பேன். பல ஐஐஎம்களில் கேட் (CAT) நுழைவுத் தேர்வு மார்க்கோடு பத்தாவது, பன்னிரண்டாவது மார்க்கையும் சேர்த்துத்தான் ஆளை வடிகட்டுகிறார்கள். பதினைந்து வயதில் வாங்கிய மார்க்கை இருபத்தைந்து வயதிலும் தூக்கிக்கொண்டு வரச் சொல்வது என்ன நியாயமோ. கணக்குக்காரர்கள் அந்த வகையில் பரவாயில்லை. உட்கார வைத்துக் கணக்குக் கொடுக்கிறார்கள், போட்டால் உள்ளே விடுகிறார்கள்.

ஜாம் கணிதத் தாள் ஒன்றை மேத்ஸ் மேடம் பிரிண்ட் எடுத்து வந்து எனக்கு விளக்கினார்கள். 3 மணி நேரம், 60 கேள்வி, 100 மார்க். முதல் பகுதியின் 30 கேள்விக்கு ஒரு விடைதான் சரி. தப்பாகக் குறித்தால் 1 மார்க் கேள்விக்கு மூன்றில் ஒரு பங்கும் 2 மார்க் கேள்விக்கு மூன்றில் இரண்டு பங்கும் பிடித்துக்கொள்வார்கள். கடைசிப் பகுதியின் 20 கேள்விக்கு விடையை எண்ணாகப் போட வேண்டும். நடுவில் இருக்கிற 10 கேள்விதான் மேடம் பயமுறுத்தியது. நாலு விடையில் ஒன்றும் சரியாக இருக்கலாம், நாலுமே சரியாக இருக்கலாம். சரியானது அத்தனையையும் குறித்து, தப்பானது ஒன்றையும் குறிக்காமல் இருந்தால்தான் மார்க். பாதி மார்க் கிடையாது, மைனஸும் கிடையாது.

நம் பிள்ளைகள் அந்த இடத்தில்தான் கவிழ்கிறார்கள் என்றார்கள். நம் செமஸ்டர் தேர்வில் தேற்றத்தைச் சொல்லி நிறுவச் சொல்வார்கள், மனப்பாடம் செய்தவனும் எழுதிவிட்டு வந்துவிடுவான். இங்கே அந்தத் தேற்றத்தில் ஒரு நிபந்தனையை உருவிவிட்டு, இப்போது எது நிற்கும், எது விழும் என்று கேட்கிறார்கள். சார்பு தொடர்ச்சியானதாக இருந்தால் மட்டும் போதுமா, இடைவெளி மூடியதாக இருக்க வேண்டாமா, அந்த மாதிரி. எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் கேட்கக் கேட்க உன் ஞாபகம்தான் வந்தது, ஏனென்றால் நீ முதல் செமஸ்டரில் விழுந்ததே மனப்பாடத்தால்தான்.

பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். எல்லை, வகையீடு, தொகையீடு என்று படித்தவள் கல்லூரியில் போய் உட்கார்ந்தால் போர்டில் எல்லாமே இங்கிலீஷில் ஓடுகிறது. நீ யாரிடமும் கேட்கவில்லை. போர்டில் இருந்ததை அப்படியே நோட்டில் இறக்கி, எப்சிலான் டெல்டா வரிகளை ஸ்லோகம் மாதிரி ஒப்பித்துக்கொண்டு திரிந்தாய். 2019 நவம்பர் தேர்வில் இரண்டு பேப்பர் போச்சு. அடுத்த செமஸ்டர் முடிவதற்குள் கொரோனா வந்துவிட்டது.

2020 ஆகஸ்டில், அரியருக்குப் பணம் கட்டியவர்கள் எல்லாரும் பாஸ் என்று அரசு அறிவித்ததே, அன்று எங்கள் ஆபீஸ் போன் ஓயவே இல்லை. நன்றி சொல்லிப் போஸ்டர்கூட ஒட்டினார்கள். நீயும் பணம் கட்டியிருந்தாய். உன் கூட்டாளிகள் புத்தகத்தைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டபோது நீ மட்டும் மூடவில்லை. "பாஸ் போட்டாலும் தெரியாதது தெரியாததுதானேம்மா" என்றாய். அப்புறம் யுஜிசி ஒத்துக்கொள்ளாமல், வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போய், எழுதித்தான் ஆக வேண்டும் என்று திரும்பி வந்தபோது மற்றவர்கள் புலம்பினார்கள், நீ எழுதிவிட்டு வந்தாய். மாடிப்படியில்தான் சிக்னல் எடுக்கும் என்று அங்கேயே உட்கார்ந்து, அப்பாவின் போனில் என்பிடெல் இணையப் பாடத்தில் ரியல் அனாலிசிஸ் வகுப்பை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாய். ஒரு வரியைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவாய். எனக்கே அந்த வாத்தியார் குரல் பழகிவிட்டது. அதற்கு அப்புறம் கணக்குப் பேப்பரில் நீ எதிலும் தடுமாறவில்லை.

இதையெல்லாம் இவ்வளவு நீட்டி எழுதிவிட்டு ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. நேர்காணலில் முதல் வருஷத்தைப் பற்றிக் கேட்டால் இந்தக் கதையைச் சொல்லாதே. தமிழ் வழியில் படித்து வந்தேன், புரியாமல் மனப்பாடம் செய்து முதல் செமஸ்டரில் இரண்டு தாளில் தோற்றேன், பிறகு அனாலிசிஸை அடியிலிருந்து படித்து அவற்றை முடித்தேன். இவ்வளவுதான். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள். அடுத்த கேள்வி கணக்கில் வரட்டும்.

உதவித்தொகைக்கு எங்கள் ஆபீஸுக்கு வருகிற கடிதங்களை நிறையப் படித்திருக்கிறேன். பக்கம் பக்கமாக வீட்டுக் கஷ்டம் எழுதியிருப்பார்கள், பொய்யாகவும் இருக்காது. ஆனால் படித்து முடித்தால் அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதே நமக்குத் தெரிந்திருக்காது. மறைக்கவும் கூடாது. மொத்த மார்க் ஷீட்டில் ஒவ்வொரு பேப்பருக்கும் நேராகப் பாஸ் செய்த மாதமும் வருஷமும் இருக்கும், பார்க்கிறவர்களுக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடும். வாத்தியார் சரியில்லை, புத்தகம் சரியில்லை என்றும் ஆரம்பிக்காதே. அது உண்மையாகவே இருந்தாலும் அந்த அறையில் எடுபடாது.

உன் மாமா உடனே ராமானுஜன் கதையைச் சொல்வார், அவர்கூட ஃபெயிலானவர்தானே என்று. அந்தக் காலக் கல்லூரித் தேர்வான எஃப்.ஏ.வில் அவர் தோற்றது உண்மை. ஆனால் அவர் கணக்கைத் தவிர மற்றதில் தோற்றவர், நீ மற்றதிலெல்லாம் பாஸாகிக் கணக்கில் தோற்றவள். அந்த ஆறுதல் உனக்குப் பொருந்தாது. எனக்குப் பிடித்தது, 1913 ஜனவரியில் அவர் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதம்தான். மதராஸ் துறைமுக ஆபீஸ் கணக்குப் பிரிவில் குமாஸ்தா, வருஷத்துக்கு 20 பவுண்டு சம்பளம், பல்கலைக்கழகப் படிப்பு இல்லை, பள்ளிப் படிப்புதான் என்று ஆரம்பத்தில் சில வரி. வயது சுமார் 23 என்று வேறு போட்டிருக்கிறார், உண்மையில் அப்போது 25. நாங்கள் குமாஸ்தாக்கள் அப்படித் தேதியில் தப்பு விட மாட்டோம், அவர் எப்படி விட்டாரோ. அதைத் தாண்டினால் பக்கம் பக்கமாகத் தேற்றங்கள். ஹார்டி உட்கார்ந்து படித்தது அந்தப் பக்கங்களை. எஃப்.ஏ. தேர்வில் ஏன் தோற்றேன் என்று அவர் நாலு பக்கம் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்.

வேலையை இப்போதே விட்டுவிடாதே. ஜாமுக்குப் பதிவு செப்டம்பர் வாக்கில் ஆரம்பிக்கும், தேர்வு பிப்ரவரியில். சிஎம்ஐ அதற்கும் பின்னால் வரும். ஜாம் மார்க் அந்த ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். இடம் கையில் வந்த பிறகு ராஜினாமா கொடுத்தால் போதும். பணத்தைப் பற்றி அப்பாவும் நானும் பேசிவிட்டோம், உன் சம்பளத்தை நம்பி இங்கே உலை வைக்கவில்லை. பெரியப்பா பி.எட். முடித்து ஆசிரியர் வேலைக்கான டிஆர்பி தேர்வை எழுதச் சொல்வார். கல்யாணப் பேச்சும் கூடவே வரும். அவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், நீ இதில் தலையிடாதே.

கிடைக்காமலும் போகலாம். அந்தத் தேர்வை எழுதுகிறவர்கள் எல்லாரும் நன்றாகப் படித்தவர்கள்தான். பழைய மார்க்கைக் கழுவுவதற்காகப் போகிறாய் என்றால் வேண்டாம் என்றுதான் சொல்வேன், ஏனென்றால் ஐஐடியில் இடம் கிடைத்தாலும் அந்த 31 அங்கேயேதான் இருக்கும். ஆனால் தீபாவளிக்கு வந்தபோது பட்டாசுச் சத்தத்துக்கு நடுவில் குரூப் தியரி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய். யாரும் உன்னைப் போடச் சொல்லவில்லை. அதைப் பார்த்ததால்தான் நான் யோசிக்காமல் போடு என்கிறேன்.

இப்போது செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. நம்மிடம் இருக்கிற சாதிச் சான்றிதழ் இதற்குச் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் வரவில்லை என்று போட்ட ஓபிசி சான்றிதழ் வேண்டும், அதுவும் இந்த நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும். போன வருஷம் இங்கே ஒரு பையன் பழையதை வைத்துக்கொண்டு அலைந்ததைப் பார்த்தேன். இ-சேவை மையத்தில் நானே விண்ணப்பம் போட்டுவிடுகிறேன், தாசில்தார் ஆபீஸில் கையெழுத்தாகக் கொஞ்ச நாள் எடுக்கும். உன் ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது, பத்தாவது மார்க் ஷீட்டில் வெறும் இனிஷியல். இரண்டையும் ஸ்கேன் செய்து அனுப்பு, எதன்படி போடுவது என்று பார்த்துச் சொல்கிறேன். ஒரு புது போட்டோவும் வேண்டும். பின்னால் வெள்ளைச் சுவர் இருக்கட்டும், போன தடவை மாதிரி ஹாஸ்டல் பீரோவும் அதில் தொங்குகிற துண்டும் தெரிய வேண்டாம்.

அம்மா