பேலியல் கல்லூரி வரலாற்று நூல்: மார்ச் 10க்குள் ரூ.80,500 வேண்டும்

சாயர்புரம் வட்டாரப் பெரியோர்களுக்கும், வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் வாழும் நம் பிள்ளைகளுக்கும், திருவாசகத்தை நெஞ்சில் வைத்திருக்கும் சைவ அன்பர்களுக்கும் நூல் வெளியீட்டுக் குழுவின் ஸ்தோத்திரமும் வணக்கமும்.

ஆக்ஸ்ஃபோர்டு பேலியல் கல்லூரியின் வரலாற்றையும் அங்கே படித்தவர்கள், பணியாற்றியவர்களின் வாழ்க்கையையும் சொல்லும் நம் தமிழ் நூல், போப் ஐயர் பிறந்த நாளான ஏப்ரல் 24 அன்று வெளிவர வேண்டும். மொத்தச் செலவு ரூ.2,32,350. வந்து சேர்ந்தது ரூ.1,51,850. மீதி ரூ.80,500 மார்ச் 10க்குள் கைக்கு வராவிட்டால் அச்சகம் காகிதம் வாங்காது. காகிதம் தாமதமானால் பைண்டிங்கும் தாமதமாகும், விழா நாளும் கடந்துவிடும்.

சாயர்புரத்துக்கும் அந்தக் கல்லூரிக்கும் என்ன உறவு என்று இளையவர்கள் கேட்கிறார்கள். 1840களில் நம் ஊரில் செமினரி நடத்தி, நம் முன்னோர்களின் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன ஜி.யு. போப், தஞ்சாவூர், உதகை, பெங்களூர் என்று பணியாற்றி முடித்து இங்கிலாந்து திரும்பி, 1884இல் ஆக்ஸ்ஃபோர்டில் தமிழும் தெலுங்கும் கற்பிக்கும் ஆசிரியரானார். 1888 முதல் பேலியல் கல்லூரி ஆலயத்தின் குருவாகவும் (சாப்ளின்) இருந்தார். திருக்குறளை 1886இலும் நாலடியாரை 1893இலும் ஆங்கிலத்தில் தந்த அவர், திருவாசகத்தைத் தொடத் தயங்கினார். வயது எழுபதைத் தாண்டியிருந்தது. கல்லூரித் தலைவர் பெஞ்சமின் ஜோவெட்டோடு இரவு நிலா வெளிச்சத்தில் வளாகத்தில் நடந்துகொண்டிருந்தபோது, அவ்வளவு பெரிய வேலைக்குத் தனக்கு ஆயுள் போதாது என்றார். ஜோவெட் அவர் தோளில் கை வைத்து, பெரிய வேலை ஒன்றைக் கையில் வைத்திருப்பதுதான் நெடுநாள் வாழ வழி, முடிக்கும்வரை நீங்கள் இருப்பீர்கள் என்றார். ஜோவெட் 1893இல் காலமானார். போப் ஐயர் வேலையைக் கைவிடவில்லை. 1900இல், தம் எண்பதாம் வயதில், திருவாசகத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1908இல் ஐயர் மறைந்தபோது, ஜோவெட் துயிலும் அதே செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்திலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள். அவர் கல்லறைக் கல்லை நாட்டியதில் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களின் பங்கும் உண்டு என்று அந்தக் கல்லிலேயே பொறித்திருக்கிறது. நம் முன்னோர் அன்று கடல் தாண்டிக் காசு அனுப்பினார்கள் என்பதை மறந்துவிட வேண்டாம்.

அந்தக் கல்லூரி பிறந்ததே ஒரு நேர்ச்சைக் கடனில்தான். ஜான் டி பேலியல் என்ற பிரபு டர்ஹாம் ஆயரோடு பகைத்து, அதற்குப் பிராயச்சித்தமாக ஆக்ஸ்ஃபோர்டில் ஏழை மாணவர்களுக்குச் சோறும் தங்குமிடமும் தர ஒப்புக்கொண்டார். கல்லூரி தன் தொடக்கமாகக் கொள்வது 1263ஆம் ஆண்டை. ஆனால் நிரந்தர மானியம் எழுதி வைக்காமலே 1268இல் அவர் இறந்துபோனார். அன்றே மாணவர்கள் தெருவுக்கு வந்திருப்பார்கள். கணவர் கொடுத்த வாக்கை மனைவி டெர்வர்கில்லா காப்பாற்றினார். 1282இல் விதிமுறைகள் எழுதிக் கொடுத்து, சொத்தும் ஒதுக்கினார். மாணவர்கள் தங்களுக்குள்ளேயே ஒருவரைத் தலைவராகத் தேர்ந்துகொள்ள வேண்டும், லத்தீனில் பேச வேண்டும், வசதியுள்ளவர்கள் ஏழை மாணவர்களுக்குச் செலவுச் சுமை ஏற்றாதபடி அடக்கமாக வாழ வேண்டும் என்றெல்லாம் அந்த விதிகள் சொல்கின்றன. நூலின் முதல் அத்தியாயம் முழுவதும் இந்த அம்மாளைப் பற்றியதுதான். அவர் இல்லாவிட்டால் கல்லூரியே இல்லை என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

அடுத்த அத்தியாயங்களில் ஜான் விக்ளிஃப் வருகிறார். 1360 வாக்கில் அங்கே தலைவராக இருந்தவர், வேதாகமம் ஆங்கில மக்களின் மொழியில் கிடைக்கப் பாடுபட்டவர். கல்லூரி வாசலை ஒட்டிய பிராட் ஸ்ட்ரீட்டில் 1555இல் லாட்டிமர், ரிட்லி ஆகிய ஆயர்களையும், 1556இல் பேராயர் கிரான்மரையும் எரித்துக் கொன்றார்கள். இவர்கள் மூவரும் பேலியல் மாணவர்கள் அல்லர். பலர் அப்படி எழுதிவிடுவதால் நூலில் இதைத் தனியாகக் குறித்திருக்கிறோம். பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் 1740இல் கிளாஸ்கோவிலிருந்து ஸ்னெல் உதவித்தொகையில் வந்து ஆறு ஆண்டுகள் படித்தார். அன்றைய ஆக்ஸ்ஃபோர்டின் சோம்பலை அவர் பின்னாளில் கடுமையாகச் சாடியதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறோம். கல்லூரியை அந்தச் சோம்பலிலிருந்து தூக்கி நிறுத்தியது 19ஆம் நூற்றாண்டில் ஜென்கின்ஸ் கல்லூரித் தலைவராக இருந்த காலத்தில் தொடங்கிய போட்டித் தேர்வும், 1870 முதல் ஜோவெட் நடத்திய தலைமையும்தான்.

அதன் பலனை நம் நாடும் அனுபவித்தது, நல்லதும் கெட்டதுமாக. ஐ.சி.எஸ். என்ற இந்தியக் குடிமைப் பணிக்கான தேர்வு முறையை வகுத்த 1854ஆம் ஆண்டுக் குழுவில் ஜோவெட் இருந்தார். லேன்ஸ்டவுன், எல்ஜின், கர்சன் என 1888 முதல் 1905 வரை அடுத்தடுத்து வந்த மூன்று வைஸ்ராய்களும் பேலியல் மாணவர்கள். வங்கத்தைப் பிரித்தவர் கர்சன். போட்ஸ்வானாவின் முதல் குடியரசுத் தலைவர் செரெட்சே காமாவும் அங்கே படித்தவர்தான். ஹிட்லரைக் கொல்லும் சதியில் சேர்ந்து 1944இல் தூக்கிலிடப்பட்ட ஆடம் ஃபோன் டிராட்டும், கவிஞர் ஹாப்கின்ஸும், கிரிக்கெட்டில் பட்டோடி நவாப்கள் தந்தையும் மகனும், ஆஸ்க்வித், மேக்மில்லன், ஹீத், ஜான்சன் என்று நான்கு பிரிட்டிஷ் பிரதமர்களும் நூலில் இடம்பெறுகிறார்கள். பெண்களை மாணவர்களாகச் சேர்த்தது 1979இல்தான். டெர்வர்கில்லா அம்மாள் மீட்ட கல்லூரியில் பெண்கள் படிக்க ஏறக்குறைய 700 ஆண்டுகள் ஆயின என்பதையும் எழுதியிருக்கிறோம்.

இனிக் கணக்கு. டெம்மி அளவு, 320 பக்கம், 1,000 பிரதி. 23க்கு 36 அங்குலத் தாள் ஒன்றில் 32 பக்கம் வரும், ஆகவே பிரதிக்கு 10 தாள், சேதாரம் சேர்த்து 21 ரீம் (ஒரு ரீம் 500 தாள்). 80 ஜி.எஸ்.எம். காகிதம் ரீம் ரூ.2,150 வீதம் ரூ.45,150. 20 பிளேட்டுக்கு (அச்சுத் தகடு) ரூ.7,000, அச்சுக்கூலி ரூ.12,000. வண்ணப்படம் 16 பக்கம் ஆர்ட் பேப்பரில் ரூ.14,000. மேலட்டை, லேமினேஷன் ரூ.9,000. பட உரிமைக் கட்டணம் ரூ.32,000. இது ஏன் இவ்வளவு, இணையத்தில் எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்டவர்களுக்கு: அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். இணையப் படம் பெரும்பாலும் அதில் கால் பங்குகூட இராது, அச்சில் கலங்கிவிடும். உரிமை இல்லாமல் போடுவது திருட்டு. டி.டி.பி. என்ற கணினி அச்சுக்கோப்பு பக்கத்துக்கு ரூ.60 வீதம் ரூ.19,200. பிழைதிருத்தமும் சொல்லடைவும் ரூ.18,000. பழைய எழுத்துருவில் தட்டச்சான அத்தியாயங்களை யூனிகோடுக்கு மாற்றும்போது ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறும், "கெ" வரவேண்டிய இடத்தில் "கே" வரும், கணினி இதைக் கண்டுபிடிக்காது. வரிவரியாக மனிதக் கண்தான் பார்க்க வேண்டும்.

பைண்டிங் பிரதிக்கு ரூ.55, ஆக ரூ.55,000. பசை மட்டும் வைத்து ஒட்டினால் இதில் பாதிகூட ஆகாது. ஆனால் 300 பிரதிகள் பள்ளி நூலகங்களுக்கு இலவசமாகப் போகின்றன. பசை பைண்டிங் புத்தகத்தைப் பிள்ளைகள் விரித்து அழுத்தினால் முதுகு வெடித்துப் பக்கம் உதிரும். 16 பக்க ஃபாரமாக மடித்து, இருபதையும் நூலால் தைத்து, கெட்டி அட்டை போட்டால் தலைமுறைக்கும் நிற்கும். காகிதத்தின் இழை முதுகுக்கு இணையாக ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் பக்கம் அலையலையாக எழும்பும். அட்டை ஒட்டியபின் பாரத்தின் கீழ் வைத்து நன்றாக உலர்த்த வேண்டும். நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் அவசரப்பட்டு எடுத்தால் அட்டை வில்லாக வளைந்துவிடும். அச்சும் பைண்டிங்கும் சேர்ந்து ஆறு வாரம் கேட்பது இதனால்தான், மார்ச் 10 என்று நாங்கள் நெருக்குவதும் இதனால்தான். பள்ளிகளுக்கு அனுப்பும் கூரியர் செலவு ரூ.21,000.

இதுவரை கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! ஓய்வூதியத்தில் முதல் மாதத் தொகையை அப்படியே கொண்டுவந்து தந்த ஆசிரியை அம்மா, காணிக்கைப் பெட்டியில் சேர்ந்ததை எண்ணிக்கூடப் பார்க்காமல் ஒப்படைத்த பெண்கள் ஐக்கிய சங்கத்துச் சகோதரிகள், கருப்பட்டி வியாபாரம் மந்தமான மாதத்திலும் சொன்ன தொகையைக் குறைக்காத அண்ணாச்சி, வளைகுடாவில் ஒரே அறையில் தங்கியிருந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அனுப்பிய தம்பிமார், "திருவாசகத்தை உலகம் படிக்கச் செய்தவருக்கு நாங்கள் செய்யாமல் யார் செய்வது" என்று தாமாக வந்து கொடுத்த சிவனடியார்கள் எல்லாரையும் ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக. கொடுத்த தொகை பெரிதா சிறிதா என்று பாராமல் பெயர்களை அகரவரிசையில்தான் அச்சிடுகிறோம்.

வாக்குக் கொடுத்து இன்னும் தராதவர்களின் தொகை மட்டும் ரூ.46,000. ஆராதனைக்குப் பின் எல்லார் முன்னிலையிலும் எழுந்து நின்று சொன்ன தொகைகளும் அதில் உண்டு. அந்த வாக்கை நம்பித்தான் அச்சகத்தில் பேசி முடித்தோம். பொருத்தனை பண்ணினால் செலுத்தத் தாமதியாதே என்பது நமக்குத் தெரியாத வசனம் அல்ல. ஏழாண்டு முன் மறைந்துபோன நண்பர் ஜோவெட்டின் ஊக்கத்தை மறக்காமல் எண்பது வயதில் வேலையை முடித்துக் கொடுத்த போப் ஐயர் பெயரில் இந்த நூல் வருகிறது. கஷ்டம் இருப்பவர்கள் சொல்லுங்கள், தொகையைக் குறைத்துக்கொள்கிறோம், யாரும் தவறாக நினைக்க மாட்டோம். பதில் சொல்லாமல் இருப்பதுதான் வருத்தம் தருகிறது. அந்தத் தொகை முழுதும் வந்தாலும் மேலும் ரூ.34,500 வேண்டும். ரூ.500 முதல் எதுவானாலும் நன்றியோடு பெற்றுக்கொள்கிறோம்.

பணத்தைப் பொருளாளரிடம் கொடுத்து, எண் போட்ட ரசீதை உடனே கேட்டு வாங்குங்கள். ரசீது இல்லாமல் யாரிடமும் கொடுக்க வேண்டாம். ரூ.1,000க்கு மேல் தருபவர்களுக்கு ஒரு பிரதி உண்டு. பெற்றோர் நினைவாகத் தருபவர்கள் பெயரைத் தலைப்பெழுத்தோடு, எப்படி அச்சில் வர வேண்டுமோ அப்படியே தெளிவாக எழுதித் தாருங்கள். நன்கொடையாளர் பட்டியல் வரும் கடைசி ஃபாரம் மார்ச் 14 அன்று பிளேட்டுக்குப் போகிறது. அதன்பின் எழுத்து மாற்ற முடியாது.

நூல் வெளியீட்டுக் குழுவினர்
சாயர்புரம்