உணர்வுக் குறிப்பேடு: ஆறாம் வகுப்புப் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

இந்தப் பருவம் நல்லபடியாக முடிகிறது. விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி, பேச்சுப் போட்டி எல்லாவற்றிலும் பிள்ளைகள் ஆர்வமாகக் கலந்துகொண்டார்கள். பரிசு பெற்றவர்களுக்கு வாழ்த்துகள்.

அப்புறம், ஆங்கில உணர்வுக் குறிப்பேடு பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். இன்று மனசு எப்படி இருந்தது, ஏன் என்று தினமும் இரண்டு வரி எழுதுவதுதான் வேலை. 'ஹேப்பி', 'சேட்' இரண்டோடு பிள்ளைகள் நின்றுவிடக் கூடாது என்றுதான் தொடங்கினோம். லேசான எரிச்சலுக்கு 'அனாய்ட்', கோபத்துக்கு 'ஆங்ரி', ஆத்திரத்துக்கு 'ஃபியூரியஸ்'. 'ஐ ஆம் போரிங்' என்று எழுதினால், நான் மற்றவர்களுக்குச் சலிப்பூட்டுகிறவன் என்று பொருளாகிவிடும்; சலிப்பாக இருப்பதைச் சொல்ல 'போர்ட்' வேண்டும். இந்தத் தவறையெல்லாம் பிள்ளை தானே செய்து தானே திருத்தினால்தான் மனசில் நிற்கும்.

ஆனால் சில வாரங்களாக 'மெலன்கலி' (ஆழ்ந்த சோகம்), 'எக்ஸ்டாடிக்' (பேரானந்தத்தில் இருப்பது) என்று சொற்கள் வருகின்றன. அர்த்தம் கேட்டால் திருதிருவென விழிக்கிறார்கள். அக்கறையில்தான் எழுதிக் கொடுக்கிறீர்கள், புரிகிறது. ஒரு குறிப்பேட்டில் மட்டும், பிள்ளை எழுதிய 'லோன்லி' அடிக்கப்பட்டு, மேலே பெரியவர் கையெழுத்தில் 'ஹேப்பி' என்று இருந்தது. அந்தப் பக்கத்தை என்னால் சட்டென்று புரட்ட முடியவில்லை. 'அலோன்' என்றால் பக்கத்தில் யாரும் இல்லை என்று அர்த்தம். 'லோன்லி' அப்படியல்ல; கூட்டத்துக்கு நடுவிலும் வருகிற தனிமை அது. இந்த வித்தியாசம் தெரிந்து அந்தப் பிள்ளை சொல்லைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. ஆசிரியர் கண்ணில் கட்டாயம் பட்டிருக்க வேண்டிய சொல்.

எனவே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பெரியவர்கள் எழுதிய, திருத்திய குறிப்பேடுகளை இனி வாங்க மாட்டோம், திருப்பி அனுப்பிவிடுவோம். இந்தக் குறிப்பேட்டுக்கு மதிப்பெண் கிடையாது. எழுத்துப்பிழை இருந்தால் இருக்கட்டும்.

உதவ நினைத்தால் முதலில் தமிழில் கேளுங்கள். வருத்தமா, ஏமாற்றமா, பொறாமையா, பயமா? ஏமாற்றம்தான் என்று பிடிபட்டுவிட்டால், 'டிஸப்பாயின்டட்' என்ற சொல்லை அகராதியில் பிள்ளையே தேடிக்கொள்ளும். பதில் உங்களுக்குச் சங்கடமாக இருந்தாலும் அப்படியே எழுதவிடுங்கள். குறிப்பேட்டை வகுப்பாசிரியரையும் என்னையும் தவிர வேறு யாருக்கும் காட்ட மாட்டோம்.

நாள் முழுக்க உழைத்துக் களைத்து வந்த பிறகும் பிள்ளை பக்கத்தில் உட்காருகிற உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. குறிப்பேடுகளைத் திங்கட்கிழமை கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்