கவுன்சில் டாக்ஸ் பேண்டில் கை வைப்பதற்கு முன்

அன்பு மகள் தாரணிக்கு,

எதிர்வீடு சி பேண்ட், நாங்கள் மட்டும் ஏன் டி என்று கேட்டு நீ அனுப்பிய கவுன்சில் டாக்ஸ் பில்லைப் பார்த்தேன். கவுன்சில் என்ற உள்ளூராட்சி மன்றம் வாங்கும் இந்த வீட்டு வரியில், வீட்டின் விலையை வைத்து ஏ முதல் எச் வரை போடும் படியைத்தான் பேண்ட் என்கிறார்கள், படி ஏற ஏற வரியும் ஏறும். போனில் கதைத்தால் பாதி மறந்துபோகும், அதனால் எழுதுகிறேன். உன் கேள்வி நியாயமானதுதான். ஆனால் அவசரப்பட்டு இன்று இரவே ஃபார்மை நிரப்பி அனுப்பிவிடாதே. முறையிட்டால் பேண்ட் இறங்கலாம், அப்படியே இருக்கலாம், ஏறவும் செய்யலாம். ஏறினால் உனக்கு மட்டும் என்றில்லை, நீ உதாரணம் காட்டிய அயல் வீடுகளுக்கும் ஏறலாம். புதுத் தெருவுக்குக் குடிபோன ஆறு மாதத்தில் அயலவரின் பகையைச் சம்பாதிக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

அதற்காகத் தள்ளிப் போடவும் கூடாது. நீங்கள் திறப்பு வாங்கியது மார்ச் 14. ஒரு வீட்டுக்குப் புதிதாக வரி கட்டத் தொடங்கியவருக்கு, தொடங்கிய நாளில் இருந்து 6 மாதத்துக்குள் பேண்டை முறைப்படி எதிர்க்கும் உரிமை இருக்கிறது. இதைப் புரொபோசல் என்பார்கள். புரொபோசல் போட்டால், பேண்ட் போடும் அரசாங்க அலுவலகமான வேல்யுவேஷன் ஆபீஸ் முடிவு சொல்லியே ஆக வேண்டும், அந்த முடிவு பிடிக்காவிட்டால் டிரைபியூனல் என்ற தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 6 மாதம் கடந்துவிட்டால், வீட்டின் ஒரு பகுதியை இடித்தது, வீட்டை இரண்டாகப் பிரித்தது, அருகில் புதிய ரோட்டு வந்தது போன்ற காரணங்கள் இல்லாமல் புரொபோசல் போட முடியாது. பேண்டை மறுபடி பாருங்கள் என்று ரிவ்யூ மட்டும் கேட்கலாம். அதற்கும் ஆதாரம் வலுவாக இருக்க வேண்டும், மறுத்துவிட்டால் டிரைபியூனல் கதவும் கிடையாது. ஆகவே ஆகஸ்ட் முடிவதற்குள் அனுப்புவது என்று வைத்துக்கொண்டு, இப்போதிருந்தே ஆதாரம் சேர்.

கவுன்சிலோடு சண்டை பிடிப்பதில் பயனில்லை. பேண்டுக்கு எவ்வளவு வரி என்று தீர்மானித்துக் காசு வாங்குவதுதான் கவுன்சிலின் வேலை. எந்த வீடு எந்தப் பேண்ட் என்று போடுவது வேல்யுவேஷன் ஆபீஸ். இங்கிலாந்தில் அவர்கள் பார்ப்பது ஒரே ஒரு விடயத்தைத்தான்: இந்த வீடு 1991 ஏப்ரல் 1 அன்று விற்றிருந்தால் என்ன விலைக்குப் போயிருக்கும்? 40,000 பவுண் வரை ஏ, 52,000 வரை பி, 68,000 வரை சி, 88,000 வரை டி, 120,000 வரை இ, 160,000 வரை எஃப், 320,000 வரை ஜி, அதற்கு மேல் எச். நீங்கள் இப்போது என்ன விலை கொடுத்தீர்கள் என்பது இந்தக் கணக்கில் வராது. 1993-இல் இந்த வரி தொடங்கியபோது நாடு முழுக்க இருந்த வீடுகளைக் குறுகிய காலத்தில் மதிப்பிட வேண்டியிருந்தது. காரை இரண்டாம் கியரில் உருட்டிக்கொண்டு போகிற போக்கில் பேண்ட் போட்டார்கள் என்று இன்றைக்கும் பகிடியாகச் சொல்வார்கள். பிழைகள் இருப்பது அதனால்தான். அந்தப் பிழைகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன என்பதைத்தான் மறந்துபோகிறார்கள்.

காசாகக் கணக்குப் பார். 2025-26-இல் இங்கிலாந்தின் சராசரி டி பேண்ட் வரி 2,280 பவுண். சி என்றால் அதில் ஒன்பதில் எட்டுப் பங்கு, ஏறக்குறைய 2,027. இ என்றால் ஒன்பதில் பதினொன்று, ஏறக்குறைய 2,787. அதாவது ஒரு படி இறங்கினால் வருடம் 253 பவுண் மிச்சம், ஒரு படி ஏறினால் 507 பவுண் கூட. இறங்குவதைப்போல இரண்டு மடங்கு ஏற்றம். டி பேண்டில் இருப்பவர் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடவே யோசிக்க வேண்டும்.

சரி, என்ன செய்ய வேண்டும்? முதலில் அரசாங்கத் தளத்தில் உன் போஸ்ட்கோடைப் போட்டுத் தேடு. அந்தப் போஸ்ட்கோடில் உள்ள எல்லா வீடுகளும் பேண்டோடு வரும். எதிர்வரிசைக்கும் பின் தெருவுக்கும் வேறு போஸ்ட்கோட் என்பதால் அவற்றையும் போட்டுப் பார். ஒரு தாளில் இலக்கம், பேண்ட், வீட்டு வகை என்று எழுது. உங்கள் கோவென்ட்ரியில் 1930களில் கட்டிய செமி, அதாவது இரண்டிரண்டாய் ஒட்டிய வீட்டு வரிசைகளில் ஒரே பில்டர் ஒரே அச்சில் கட்டிய வீடுகள் அடுத்தடுத்து இருக்கும். உனக்கு வேண்டியது அவைதான். மூன்று வீடுகள் ஒட்டிய டெரஸின் நடு வீட்டையோ, பிறகு இடைவெளியில் கட்டிய 1970களின் வீட்டையோ காட்டினால் எடுபடாது.

இப்போது எண்ணு. உன்னுடையதைப் போன்ற வீடுகள் பெரும்பாலும் சி, நீயும் இன்னும் ஒன்றிரண்டு பேரும் மட்டும் டி என்றால் வழக்கு நல்ல வழக்கு. மாறாகப் பெரும்பாலும் டி, எதிர்வீடு மட்டும் சி என்றால், பிழை உன் வீட்டில் இல்லை, எதிர்வீட்டில். நீ அதைச் சுட்டிக் காட்டினால் அவர்கள் உன்னை இறக்கமாட்டார்கள், அவரைத்தான் ஏற்றுவார்கள். அந்த நிலையில் வாயை மூடிக்கொண்டிருப்பதே புத்தி.

பரப்பளவுக்கு இபிசி பதிவைப் பார். இபிசி என்றால் வீட்டின் எனர்ஜி சான்றிதழ். அவை எல்லாம் போஸ்ட்கோட் வாரியாக இலவசமாகக் கிடைக்கும், ஒவ்வொன்றிலும் மொத்தத் தளப் பரப்பு சதுர மீற்றரில் இருக்கும். காலாவதியான சான்றிதழ்களும் உதவும். கனகாலமாக விற்காத, வாடகைக்கும் விடாத வீட்டுக்கு ஒன்றும் இருக்காது. ஒரு கவனம்: இபிசி உள்ளளவு. வேல்யுவேஷன் ஆபீஸ் வீடுகளை வெளிச்சுவரோடு அளக்கிறது. இரண்டையும் கலக்காதே. இபிசி எண்ணை இன்னொரு இபிசி எண்ணோடு மட்டும் ஒப்பிடு.

இனி உன் வீட்டுக்கே உரிய சிக்கல். பின்பக்கம் குசினியை நீட்டிக் கட்டியிருக்கிறார்கள் என்று சொன்னாய். ஒருவர் வீட்டைப் பெருப்பித்தால், அவர் அதை வைத்திருக்கும்வரை அதற்காகப் பேண்ட் ஏறாது. வீடு கைமாறிய பிறகுதான் அந்தக் கூடுதல் இடத்தைக் கணக்கில் எடுப்பார்கள். 7 வருடமோ அதற்கு மேலோ லீஸ் எழுதினாலும் விற்றது மாதிரித்தான். உங்களுக்கு விற்றவர்தான் அதைக் கட்டினார் என்றால், நீங்கள் வாங்கிய அந்த நாளோடு அது கணக்கில் வரத் தகுந்ததாகிவிட்டது. அதனால், ஒரு செங்கல்லும் கூட்டாத எதிர்வீட்டை உன் வீட்டோடு ஒப்பிட முடியாது. நீ தேட வேண்டியது, உன்னைப் போலவே பின்னால் கட்டி, அதற்குப் பிறகு விற்கவும் பட்ட வீடுகளை. அவை இன்னும் சி-யில் இருந்தால் உன் கை ஓங்கும். அவை டி-யில் இருந்தால் உன் டி சரியான டி. இன்னும் ஒன்று: பேண்ட் தேடும் பக்கத்தில் உன் வீட்டைத் திறந்தால் மேம்பாட்டுக் குறிப்பு என்று ஒரு பதிவு இருக்கும். அதில் ஆம் என்று இருந்தால், விற்பனைக்குப் பிறகு அவர்களாகவே உன் வீட்டை ஒருதரம் பார்ப்பார்கள். அப்படிப் பார்த்துப் பேண்டை மாற்றினால், மாற்றியதில் இருந்து உனக்கு மறுபடி 6 மாதம் கிடைக்கும்.

எந்த வருடம் கட்டினார்கள் என்று கவுன்சிலின் பிளானிங் பக்கத்தில் தேடு. சிறிய எக்ஸ்டென்ஷனுக்குப் பிளானிங் தேவைப்படாமல் இருந்திருக்கலாம், ஆனால் கட்டட வேலையைச் சரிபார்க்கும் பில்டிங் கன்ட்ரோலில் பதிவு இருக்கும். வீடு வாங்கும்போது சொலிசிட்டர் தந்த பத்திரக் கட்டிலும் பில்டிங் கன்ட்ரோல் சான்றிதழின் பிரதி இருக்க வேண்டும்.

இரண்டாவது சோதனை 1991 விலை. இதைச் செய்யாமல் அயல் வீட்டுப் பேண்டை மட்டும் பார்த்துவிட்டுப் பாய்கிறவர்கள்தான் ஏற்றம் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். காணிப் பதிவு அலுவலகமான லாண்ட் ரெஜிஸ்ட்ரியில் விற்பனை விலைகள் 1995-இல் இருந்துதான் இருக்கின்றன. உன் தெருவில் ஆகப் பழைய விற்பனையை எடுத்து, நேஷன்வைட் பில்டிங் சொசைட்டியின் வீட்டு விலைக் கணிப்பானில் உங்கள் பிராந்தியத்தைத் தெரிந்து, 1991-க்குப் பின்னோக்கிக் கணக்குப் பார். இங்கே பலருக்குச் சறுக்கும். விலை எப்போதும் ஏறிக்கொண்டே வந்திருக்கும் என்று நினைத்து, 1996-இல் 64,000-க்கு விற்ற வீடு 1991-இல் அதைவிடக் குறைவாகத்தான் இருந்திருக்கும் என்று முடிவு கட்டுவார்கள். நடந்தது வேறு. 80களின் கடைசியில் உச்சிக்குப் போன விலை சரிந்து 1995-96 வரைக்கும் கீழேயே கிடந்தது. தென்கிழக்கில் பெரிய சரிவு, மிட்லண்ட்ஸில் அவ்வளவில்லை. எப்படியும் அந்த 64,000, 1991-இல் 68,000 எல்லையைத் தாண்டியும் இருந்திருக்கலாம். கணக்கு எல்லைக்கோட்டுக்குக் கிட்ட வந்தால் நம்பாதே. சி-க்குள் வடிவாய் இறங்கி நின்றால் மட்டும் முன்னுக்குப் போ. இந்தக் கணிப்பான் எண்ணை ஃபார்மில் எழுதாதே, சராசரி விலைக் கணக்கை ஆதாரமாக எடுக்க மாட்டார்கள். அது உன் தைரியத்துக்கு மட்டும்.

அவர்கள் எடுப்பது 1989 ஏப்ரல் 1-க்கும் 1993 மார்ச் 31-க்கும் இடையில் நடந்த உண்மையான விற்பனைகளை. அவற்றைக் கண்டுபிடிப்பது கஷ்டம். நூலகத்தில் பழைய உள்ளூர்ப் பத்திரிகைகளின் வீட்டு விளம்பரங்கள் இருக்கலாம், ஆனால் விளம்பரத்தில் கேட்ட விலையும் விற்ற விலையும் ஒன்றல்ல. அந்தக் காலத்திலேயே வாங்கி இன்னும் இருக்கும் முதியவர் யாராவது தெருவில் இருந்தால் ஒரு தேநீரோடு கேட்டுப் பார்.

ஃபார்மில் ஐந்து வீடுகள் வரை காட்டலாம். மூன்று நல்லது இருந்தால் மூன்றே போதும், இரண்டு நொண்டி உதாரணத்தைச் சேர்த்து வலுவைக் குறைக்காதே. ஒவ்வொன்றுக்கும் இப்படி எழுது: "இலக்கம் இத்தனை, அதே தெரு, பேண்ட் சி, 1930களின் செமி, மூன்று படுக்கையறை, இபிசிப்படி 94 சதுர மீற்றர், பின்புறம் ஒரு மாடி எக்ஸ்டென்ஷன், அதற்குப் பிறகு விற்கப்பட்டது. எங்கள் வீடு 92 சதுர மீற்றர், அதே அமைப்பு." இந்த அளவு போதும். வரி கூடிப்போனது, குப்பை ஒழுங்காக எடுப்பதில்லை, சம்பளம் காணாது என்று ஒரு வரியும் எழுதாதே, ஒன்றும் எடுபடாது. கூரை ஒழுகுகிறது, சுவர் ஈரம் என்பதும் உதவாது. வீடு ஓரளவு பழுதுபார்த்த நிலையில் இருப்பதாக எண்ணிக்கொண்டுதான் மதிப்பிடுவார்கள்.

வரி கட்டுபவர்கள் நீங்கள் இருவரும் என்பதால் யார் பெயரில் போட்டாலும் சரி. அனுப்பியதும் வருகிற பதிலை வடிவாய் வாசி: அதைப் புரொபோசலாக ஏற்றிருக்கிறார்களா, ரிவ்யூவாக எடுத்திருக்கிறார்களா? 6 மாதத்துக்குள் போட்டும் ரிவ்யூ என்று வந்திருந்தால் உடனே எழுதிக் கேள். புரொபோசலுக்கு 4 மாதம் வரை எடுக்கலாம். முடிவு பாதகமாக வந்தால் 3 மாதத்துக்குள் வேல்யுவேஷன் டிரைபியூனலுக்குப் போகலாம், கட்டணம் இல்லை. அவர்களுடைய பழைய தீர்ப்புகள் இணையத்தில் இருக்கின்றன. கோவென்ட்ரி வழக்குகள் நாலைந்தை வாசித்தால் எந்த வாதம் நின்றது, எது விழுந்தது என்று விளங்கும்.

இவ்வளவும் நடக்கும்போது பழைய பேண்டின்படி மாதக் காசைக் கட்டிக்கொண்டே இரு. நிறுத்தினால் நினைவூட்டல் வரும், அதையும் விட்டால் தவணை உரிமை போய் வருடத்தின் மிச்சம் முழுவதையும் ஒன்றாய்க் கேட்பார்கள். வென்றால் நீங்கள் கட்டத் தொடங்கிய நாளில் இருந்து கூடக் கட்டியதைக் கவுன்சில் திருப்பித் தரும்.

பேண்டை இறக்கித் தருகிறோம், கிடைக்கும் காசில் ஒரு பங்கு தாருங்கள் என்று யாராவது போன் பண்ணினால் போனை வைத்துவிடு. நீயே இலவசமாகச் செய்கிற வேலை அது. வங்கி விபரம் கேட்டால் இன்னும் மோசம்.

கார்டிஃபில் இருக்கும் அண்ணாவுக்கு இந்தக் கடிதத்தை அப்படியே அனுப்பாதே. வேல்ஸில் கணக்கு 2003 ஏப்ரல் 1 விலையில், பேண்டும் ஐ வரைக்கும் ஒன்பது.

கடைசியாக, மாமி உங்களோடு வந்து இருக்கப் போவதாகச் சொன்னாய். அவருக்காகக் கீழே இன்னொரு குளியலறை போட்டாலோ, வீட்டுக்குள் சக்கர நாற்காலி பாவிக்க இடம் ஒதுக்கினாலோ, மாற்றுத்திறனாளிக்கான பேண்ட் குறைப்புக் கேட்கலாம். பேண்ட் டி-யாகவே இருக்கும், பில் மட்டும் சி கணக்கில் வரும். அதற்கு 1991-உம் வேண்டாம், அயல் வீடும் வேண்டாம். அந்த விண்ணப்பம் மட்டும் கவுன்சிலுக்குத்தான் போக வேண்டும். எக்ஸ்டென்ஷன் கட்டிய வீடுகளைத் தேடி டி என்று வந்தால், உனக்கு இருக்கிற ஒரே நல்ல வழி இதுவாகவும் இருக்கலாம்.

பட்டியல் எழுதியதும் ஒரு படம் எடுத்து அனுப்பு, ஃபார்ம் போக முன்னர் நானும் பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா