விரால் அல்ல, தோமான்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறாதே என்று எத்தனை முறை சொல்வது?

நான் உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சிங்கப்பூர் ஏரிகளில் நம் ஊர் விரால் ஒரு மீட்டருக்கு வளர்ந்து கிடக்கிறது என்று இருபது வருடமாக எழுதிவந்தேன் அல்லவா? அது விராலே இல்லையாம்.

போன சனிக்கிழமை மெக்ரிட்சி நீர்த்தேக்கத்துக்கு நடக்கப் போனேன். கரையோரம் ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் தூறல் விழுவதுபோல் பொரிந்துகொண்டிருந்தது. எட்டிப் பார்த்தால், விரல் நீளத்துக்குச் செக்கச்செவேலென்று நூற்றுக்கணக்கான குஞ்சுகள், மூச்சு விட ஒன்றாக மேலே வந்து வந்து முங்கின. அடியில் ஊறிய மரக்கட்டை போல் ஒரு கரிய நிழல், காவலுக்கு. "பெரிய விரால்!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற மலாய்ப் பெரியவர் கை காட்டிச் சிரித்தார். "தோமான்" என்றார். நம் விராலுக்கு அவர்கள் ஊரில் ஹாருவான் என்று பெயர். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குப் புண் ஆற அதைத்தான் சூப் வைத்துக் கொடுப்பார்களாம். இரண்டும் ஒரே குடும்பம்தான். ஆனால் தோமான் முரட்டுப் பெரியப்பா.

வீட்டுக்கு வந்து சொன்னால் இவள் அசரவில்லை. "உங்களுக்கு வாளையே தெரியாதே" என்றாள். அந்தப் பழைய சண்டை உனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் தேக்கா சந்தையில் வாளை வாங்கி வரச் சொன்னாள். நான் மீசை வைத்த, வாய் அகன்ற குளத்து வாளையைத் தேடி அலைந்தேன். நாகப்பட்டினத்துக்காரிக்கு வாளை என்றால் வெள்ளிப் பட்டை போல் நீண்ட கடல்மீன். அவள் ஊரில் அவள் சொல்வது சரி, மன்னார்குடியில் நான் சொல்வது சரி. குளத்து வாளையின் உறவுக்காரனை மலாய்க்காரர்கள் தாப்பா என்கிறார்கள்.

இங்கே தூண்டில்காரர்கள் உயிரைக் கொடுத்துத் தேடுவது பீக்காக் பாஸ் என்ற மீனை. வாலில் மயில்கண் போல் ஒரு பொட்டு, அதனால் அந்தப் பெயர். தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, பிரேசிலில் அதற்குத் துக்குனரே என்று பெயர். உண்மையில் அது பாஸ் மீனே இல்லை, நம் ஜிலேபி மீனின் பங்காளி. இதைச் சொன்னால் அவர்கள் முகம் சுருங்கிவிடுகிறது. நீர்த்தேக்கத்தில் உயிருள்ள இரை போடக் கூடாது, செயற்கை இரைதான். வாய்க்கால் மதகில் நாம் தவளை கோத்துப் போட்டதைச் சொன்னேன், நம்ப மறுக்கிறார்கள்.

டிசம்பரில் நீ கட்டாயம் வர வேண்டும். உயிர் ஹாருவான் வாங்கிக் குழம்பு வைக்கிறேன். இங்குள்ள புளி சரியில்லை. உன் வீட்டுப் பழம்புளியில் ஒரு உருண்டை எடுத்துவா.

அன்புடன்,
கணேசன்