தம்பிக்கு, நீ கிளம்புவதற்கு முன்

தம்பி,

எலைட் டேஞ்சரஸ் என்ற விண்வெளிக் கணினி விளையாட்டை வாங்கிவிட்டாய், சண்டையிலும் சரக்கு ஏற்றுவதிலும் மனம் போகவில்லை, தூரமாகப் போய்ச் சுற்றிப் பார்க்கத்தான் ஆசை, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டிருந்தாய். அம்மாவுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது. போனில் சொன்னால் பாதியிலேயே வேறு பேச்சுக்குப் போய்விடுவோம், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படி.

முதல் விஷயம், பெரிய கப்பல் வாங்கின பிறகுதான் கிளம்பணும் என்று யார் சொன்னாலும் கேட்காதே. காசு சேர்க்க மாதக்கணக்கில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து, ஒரே தாவலில் அறுபது ஒளியாண்டு போகிற கப்பலைக் கட்டி முடிக்கிறபோது நிறைய பேருக்கு விளையாட்டே சலித்துப்போய்விடுகிறது. ஆரம்பத்தில் கையில் தருகிற சைட்வைண்டர் கப்பலிலேயே கிளம்பலாம். கடையில் வருகிற நிலையில் அது ஒரு ஜம்ப்புக்கு ஏழரை ஒளியாண்டுதான் போகும், அது உண்மை. ஆனால் துப்பாக்கிகளைக் கழற்றிப் போடு, தாவ வைக்கிற இயந்திரமான ஃப்ரேம் ஷிஃப்ட் டிரைவை மட்டும் ஏ தரத்தில் வாங்கு, மற்ற பாகங்களை எல்லாம் டி தரத்துக்கு மாற்று. டி தரம்தான் எடை குறைவு, எடை குறைந்தால் தூரம் கூடும். அதுவே இரண்டு மடங்குக்கு மேல் போகும். கொஞ்சம் கிரெடிட், அதாவது விளையாட்டுக் காசு, சேர்ந்ததும் ஹாலர் கப்பல், அதன் விலை ஐம்பதாயிரம் சொச்சம்தான். அப்புறம் பத்தொன்பது லட்சத்துக்கு டயமண்ட்பேக் எக்ஸ்ப்ளோரர் வரும். அது சூடாகாத கப்பல், சின்ன இடத்திலும் இறங்கும், முப்பது ஒளியாண்டுக்கு மேல் தாவும். எல்லோரும் சொல்கிற ஆஸ்ப் எக்ஸ்ப்ளோரரின் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆஸ்ப்பில் முன் கண்ணாடி பெரியது, பார்க்க அழகாக இருக்கும், அதற்காகவே அதை வாங்குகிறவர்கள் உண்டு, அதுவும் நியாயம்தான். ஆனால் அவசரமில்லை.

எதை மாட்டினாலும் மாட்டாவிட்டாலும் ஃப்யூயல் ஸ்கூப் கட்டாயம் வேணும். சைட்வைண்டரோடு அது வராது, தனியாக வாங்கிக்கொள். நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் பறந்து அதிலிருந்தே எரிபொருளை உறிஞ்சுகிற கருவி அது, அது இல்லாமல் நீ மனிதர்கள் வாழும் பகுதியைத் தாண்டவே முடியாது. ஆனால் எல்லா நட்சத்திரமும் எரிபொருள் தராது. ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்ற ஏழு வகை மட்டும்தான் தரும், நம் சூரியன் ஜி. எழுத்துகளை மாற்றிப் போட்டு கேஜிபி ஃபோம் என்று மனப்பாடம் செய்துகொள்வார்கள், நீயும் செய்துகொள். பழுப்புக் குள்ளர்கள், வெள்ளைக் குள்ளர்கள் என்கிற சின்ன நட்சத்திரங்களில் ஒரு துளி கிடைக்காது. பழுப்புக் குள்ளர்கள் அடர்த்தியாக இருக்கிற பகுதிகள் உண்டு, அங்கே வரிசையாக நாலைந்து ஜம்ப் அப்படியே அமைந்துவிட்டால் டேங்க் காலி. அதனால் கேலக்ஸி மேப்பில் நட்சத்திர வகையைத் தேர்ந்தெடுக்கிற இடத்தில் அந்த ஏழு வகையை மட்டும் டிக் செய்துவிட்டு ரூட் போடு. டேங்க்கை பாதிக்குக் கீழே இறங்க விடாதே, வழியில் எங்கே கிடைத்தாலும் நிரப்பிக்கொண்டே போ.

ஜம்ப் முடிந்து வெளியே வரும்போது நட்சத்திரம் நேராக முகத்துக்கு முன்னால் நிற்கும். முதல் தடவை பதறிப்போவாய். ஜம்ப் சுரங்கத்துக்குள் இருக்கும்போதே த்ராட்டிலைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடு, வெளியே வந்ததும் நிதானமாகப் பக்கவாட்டில் திருப்பி, விளிம்பை ஒட்டிச் சுற்றிக்கொண்டே ஸ்கூப் பண்ணு. கப்பலின் சூடு நூறு சதவீதத்தைத் தாண்டினால் பாகங்கள் கெட ஆரம்பிக்கும், அதற்கு முன்னாலேயே கொஞ்சம் விலகிக்கொள்.

ஒருவேளை எரிபொருள் நிஜமாகவே தீர்ந்துவிட்டால் பயப்படாதே. ஃப்யூயல் ராட்ஸ் என்று ஒரு கூட்டம் இருக்கிறது, எல்லோரும் நம்மைப் போல விளையாடுகிறவர்கள்தான், 2015லிருந்து இதே வேலையாக இருக்கிறார்கள். எங்கே மாட்டிக்கொண்டாலும் ஒரு பைசா வாங்காமல் வந்து எரிபொருள் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒன்று மட்டும் நினைவு வை, ஆக்சிஜன் நேரம் குறைந்துகொண்டே வருவது திரையில் தெரிந்தால் உடனே விளையாட்டிலிருந்து மெயின் மெனுவுக்கு வெளியே வந்துவிடு, அதற்குப் பிறகு அவர்களைக் கூப்பிடு. நீ வெளியே இருக்கும்வரை உள்ளே நேரம் ஓடாது.

சரி, இனிமேல்தான் நான் சொல்ல ஆசைப்பட்ட பகுதி. அந்த விளையாட்டில் நம் பால்வீதியையே அதன் உண்மையான அளவில் வைத்திருக்கிறார்கள், சுமார் 40,000 கோடி நட்சத்திரத் தொகுதிகள். வானியல் பட்டியல்களில் உள்ள உண்மையான நட்சத்திரங்கள் அவற்றின் இடத்திலேயே இருக்கின்றன, மற்றதை எல்லாம் நிறை, வயது, என்ன தனிமங்கள் என்று கணக்குப் போட்டு உருவாக்கியிருக்கிறார்கள். 1984ல் டேவிட் பிராபனும் இயன் பெல்லும் முதல் எலைட்டை வெறும் 32 கிலோபைட் நினைவகம் உள்ள கணினியில் எட்டு விண்மீன் மண்டலங்களோடு எழுதினார்கள், அதுவும் கணக்கிலிருந்தே நட்சத்திரங்களைப் பிறக்க வைத்ததுதான். இது அதன் வாரிசு, 2014 டிசம்பரில் வந்தது. இத்தனை வருஷமாக இத்தனை பேர் சுற்றியும் மொத்தத்தில் ஒரு சதவீதம்கூட இன்னும் யார் கண்ணிலும் படவில்லை. எதற்குச் சொல்கிறேன் என்றால், இங்கே தூரம் போகிறவர்கள் நிறைய பேர், நின்று பார்க்கிறவர்கள் கொஞ்சம். ஜம்ப், ஸ்கூப், ஜம்ப், ஸ்கூப் என்று ஆயிரம் தொகுதிகளைக் கடந்துபோய் ஒன்றையும் பார்க்காமல் வருகிறார்கள். நீ அப்படிப் போகாதே தம்பி.

ஒரு புதுத் தொகுதிக்குள் வந்ததும் டிஸ்கவரி ஸ்கேனர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடி, ஹாரன் அடித்த மாதிரி ஒரு சத்தம் வரும், அதனால்தான் அதை ஹாங்க் என்கிறார்கள். அங்கே எத்தனை கோள்கள் என்று அது சொல்லும். அப்புறம் எஃப்எஸ்எஸ் என்ற ஸ்கேனரைத் திற. 2018 டிசம்பருக்கு முன்னால் ஒவ்வொரு கோளையும் தெரிந்துகொள்ள அதன் பக்கத்திலேயே பறந்துபோக வேண்டியிருந்தது, இப்போது நின்ற இடத்திலிருந்தே பார்த்துவிடலாம். கீழே ஒரு அலைவரிசைப் பட்டை இருக்கும், ஒவ்வொரு வகைக் கோளுக்கும் அதில் ஓர் இடம், ஒரு கோட்டு வடிவம், ஒரு சத்தமும் உண்டு. ஆரம்பத்தில் எல்லாம் ஒரே கிறுக்கலாகத்தான் தெரியும். பழகப் பழக, பட்டையைப் பார்த்தவுடனே இங்கே நீர்க்கோள் இருக்கிறது, அதோ அமோனியாக் கோள், அந்தக் கோடியில் வெறும் பனிக்கட்டி என்று சொல்லிவிடுவாய். ஹெட்போன் போட்டுக்கொண்டு பார். பூமி போன்ற கோள் ஒன்று மாட்டினால் கண்ணுக்கு முன்னால் காது சொல்லிவிடும், அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள்.

காசும் அங்கேதான். பனிக்கோளுக்குக் கிடைப்பது அற்பம். பூமி போன்றது, நீர்க்கோள், அமோனியாக் கோள், பிறகு வாழும்படி மாற்றக்கூடியவை என்று குறித்திருக்கும் பாறைக் கோள்கள், இவற்றுக்கு லட்சக்கணக்கில் தருவார்கள். இவற்றுக்கு மட்டும் பக்கத்தில் போய் சர்ஃபேஸ் ஸ்கேனரால் ப்ரோப்களை எறிந்து முழுவதும் மேப் பண்ணு. ப்ரோப் கோளின் ஈர்ப்பில் வளைந்து பின்பக்கம் போய் விழும், எந்தக் கோணத்தில் எறிந்தால் எங்கே விழும் என்று கை தானாகக் கற்றுக்கொள்ளும். குறைந்த ப்ரோப்களில் முடித்தால் கூடுதல் பணம் உண்டு.

முதல் பயணம் எங்கே என்று கேட்பாய். எல்லோரும் மண்டலத்தின் நடுவிலிருக்கும் சஜிடேரியஸ் ஏ ஸ்டார் என்ற கருந்துளைக்குத்தான் போகச் சொல்வார்கள். அது 25,900 ஒளியாண்டு, முப்பது ஒளியாண்டு தாவும் கப்பலில் போனால் எண்ணூற்றறுபது ஜம்ப்புக்கு மேல், போவதற்கு மட்டும். அது இப்போது வேண்டாம். அந்த வழியும், தூரத்தில் மனிதர்கள் குடியேறியிருக்கும் கொலோனியாவுக்குப் போகிற வழியும் தேய்ந்த பாதைகள், தொகுதிக்குத் தொகுதி முதலில் கண்டவர் என்று யாராவது பெயர் போட்டிருப்பார்கள். ஓரியன் நெபுலா 1,300 ஒளியாண்டு அளவில்தான் இருக்கிறது, வானத்தில் வெறும் கண்ணுக்கு ஒரு மங்கல் புள்ளியாகத் தெரிகிறதே, அதேதான். அதுவரைக்கும் போய்விட்டு வா. போகும்போது நேர்கோட்டில் போகாமல், மண்டலத் தட்டுக்கு மேலேயோ கீழேயோ சில நூறு ஒளியாண்டு விலகிப் போ. அங்கே இன்னும் யாரும் தொடாதவை கிடைக்கும். இன்னொரு குறிப்பு, தொகுதிகளின் நீளமான பெயர்களின் கடைசிப் பகுதியில், எண்ணுக்கு முன்னால் ஒரு சின்ன ஆங்கில எழுத்து இருக்கும், ஏ முதல் எச் வரை. அது அந்தத் தொகுதி எவ்வளவு நிறையுள்ளது என்று சொல்கிறது. நான் டி எழுத்து உள்ளவற்றைத்தான் தேடிப் போவேன், நம் சூரியன் போன்ற நட்சத்திரங்கள் அங்கே கிடைக்கும், நல்ல கோள்களும் அவற்றைச் சுற்றித்தான்.

இப்போது சொல்வதைக் கவனமாகக் கேள். நீ எத்தனை ஸ்கேன் செய்தாலும் அதைத் திரும்பிக் கொண்டுவந்து ஸ்டேஷனில் யுனிவர்சல் கார்ட்டோகிராஃபிக்ஸிடம் விற்கும்வரை அது உன்னுடையது ஆகாது. வழியில் கப்பல் வெடித்தால் தரவு மொத்தமும் போய்விடும். காசு மட்டுமல்ல, முதலில் கண்டவர் என்று உன் பெயர் ஏறுவதும் விற்கிற அந்த நொடியில்தான், வேறொருவர் உனக்கு முன்னால் விற்றுவிட்டால் பெயர் அவருடையது. ஆகவே திரும்பி வருவதையும் சேர்த்துத்தான் நீ பயணம் என்று கணக்குப் போட வேண்டும். ஷீல்ட் எடை கூடுகிறதே என்று கழற்றாதே, சின்னதாக ஒன்று இருக்கட்டும், தரையில் கொஞ்சம் வேகமாக இறங்கினாலும் அது காப்பாற்றும். இறங்குவதற்கு முன் கோளின் ஈர்ப்பைப் பார், பூமியைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கிறவையும் இருக்கின்றன, அங்கே மூக்கைக் கீழே சாய்த்துவிட்டால் தூக்க முடியாது, கப்பலைச் சமமாக வைத்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக இறங்கு. களைப்பாக இருக்கிறபோது இறங்கவே இறங்காதே. வெளியேறிப் படுத்துத் தூங்கு, வெட்டவெளியில் எங்கே நிறுத்தினாலும் மறுநாள் அதே இடத்தில்தான் இருப்பாய். மனிதர்கள் பகுதிக்குத் திரும்பும்போது சோலோ முறையில் உள்ளே வா. அதுவும் இதே மண்டலம்தான், ஆனால் வேறு விளையாட்டாளர்கள் கண்ணில் படமாட்டார்கள். தூரத்திலிருந்து வருகிற கப்பல்களை வேட்டையாடுகிறவர்கள் இருக்கிறார்கள், நீ கஷ்டப்பட்டுக் கொண்டுவந்ததை அவர்கள் கையில் இழக்கத் தேவையில்லை.

நியூட்ரான் நட்சத்திரங்களைப் பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள். அதன் துருவத்திலிருந்து பீறிடும் ஒளிக்கூம்பின் நுனியில் நுழைந்தால் அடுத்த ஜம்ப் நாலு மடங்கு தூரம் போகும், ஆனால் ஒவ்வொரு தடவையும் டிரைவ் கொஞ்சம் தேயும், உள்ளே கப்பல் கட்டுப்பாடில்லாமல் சுழலும். பழுதுபார்க்கும் கருவி இல்லாமல் அதைத் தொடாதே. வெள்ளைக் குள்ளரின் கூம்பு இன்னும் மோசம், கிடைப்பது ஒன்றரை மடங்குதான், ஆபத்து பல மடங்கு, அதை அடியோடு விட்டுவிடு.

ஒடிசி என்ற கூடுதல் தொகுப்பு இருந்தால் கப்பலை விட்டு இறங்கி நடந்துபோய்க் கோள்களில் வளரும் உயிர்களின் மாதிரி எடுக்கலாம். ஒரே இனத்தை, ஒன்றுக்கொன்று தள்ளி, மூன்று இடத்தில் எடுக்கணும், அதை விஸ்டா ஜீனோமிக்ஸ் வாங்கும், முதன்முதலாகப் பதிவு செய்தவருக்கு ஐந்து மடங்கு. அதில்தான் இப்போது பணம் கொட்டுகிறது. எனக்குப் பிடித்தது அந்த நடைதான், காசு அடுத்தது. அதைப் பற்றித் தனியாக ஒரு கடிதமே எழுதலாம்.

2019 ஜனவரியில் டிஸ்டன்ட் வேர்ல்ட்ஸ் 2 என்று ஒரு பெரிய பயணம் கிளம்பியது, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பெயர் கொடுத்து, மண்டலத்தின் மறுகோடியில் 65,000 ஒளியாண்டு தள்ளியிருக்கும் பீகிள் பாயிண்டுக்குக் கிளம்பினார்கள். ஒருநாள் நாம் இரண்டு பேரும் அங்கே போகலாம், எனக்கு ரொம்ப நாள் ஆசை. அதற்கு முன்னால் ஓரியனுக்குப் போய்விட்டு வா. திரும்பி வந்து விற்கும்போது முதலில் கண்டவர் என்று வருகிற பட்டியலைப் படம் எடுத்து அனுப்பு, தொகுதியின் பெயர் முழுசாகத் தெரிகிற மாதிரி எடு. நல்லதாக ஒன்று இருந்தால் அங்கே நானும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அம்மா