ஹரியானா மரம் நிகோபார் காட்டுக்கு ஈடாகுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாத இதழில் வந்த அந்தமான்-நிகோபார் பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: ‘கிரேட் நிகோபாரில் வெட்டப்படும் மரங்களுக்கு ஈடாக ஹரியானாவில் மரங்கள் நடப்படுவதால் இயற்கை ஆர்வலர்கள் கவலைப்படத் தேவையில்லை.’ நாட்டின் தென்கோடித் தீவான கிரேட் நிகோபாரில் துறைமுகம், விமான நிலையம், நகரம் கட்டும் அரசுத் திட்டத்துக்காக வெட்டப்போகும் காட்டைப் பற்றிய வரி இது. எழுதியவர் புதியவர் போலிருக்கிறது, அவரை விடுங்கள். நீங்கள் எப்படி இதை அச்சுக்கு அனுப்பினீர்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. உங்களுக்குத் தெரியாத விஷயமா?

நான் தில்லி மயூர் விஹாரில் இருக்கிறேன். அதற்கு முன் கணவரின் வேலை காரணமாகப் பல வருஷம் போர்ட் பிளேரில் குடியிருந்தோம். அவருடைய அண்ணன் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று கிரேட் நிகோபாரின் காம்ப்பெல் பேயில் நிலம் பெற்றுக் குடியேறியவர். 1969 முதல் அங்கே குடியேற்றப்பட்ட முன்னாள் ராணுவத்தினரில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. ஆகவே வெட்டப்போகும் காட்டையும் தெரியும், நடப்போகும் மண்ணையும் தெரியும்.

எங்கள் தில்லி ரிட்ஜை, ஊருக்கு நடுவே ஓடும் அந்தப் பாறைமேட்டுக் காட்டை, வந்து பாருங்கள். வெள்ளைக்காரர் காலத்தில் பச்சையாகத் தெரிய வேண்டும் என்று நட்ட சீமைக்கருவேலம்தான் பெரும்பகுதி. ராமநாதபுரத்தில் நாம் பார்த்துப் பார்த்து நொந்துபோன அதே முள். அதனடியில் வேறு செடி தலையெடுப்பதே கஷ்டம். இன்றைக்கு அதை அகற்றி இந்த மண்ணின் மரங்களைக் கொண்டுவரப் படாத பாடு படுகிறார்கள். மரத்தை நட்டுவிட்டால் காடு தானாக வந்துவிடும் என்பதற்கு ரிட்ஜே பதில் சொல்லும். ஹரியானாவிலும் அசல் காடு இல்லாமல் இல்லை. ஃபரீதாபாத் பக்கம் ‘மாங்கர் பனி’ என்ற கோயில்காடு இருக்கிறது. தவ் மரங்கள் நிறைந்த அந்தக் காட்டை ஊர்க்காரர்களே சாமிக்குப் பயந்து தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்திருக்கிறார்கள். ஹரியானாவுக்கு மரம் வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? காட்டுப் பரப்பு மிகக் குறைந்த மாநிலங்களில் அது ஒன்று, தாராளமாக நடட்டும். ஆனால் அதை ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர் தள்ளி, வருஷத்தில் பாதிக்கு மேல் மழை கொட்டும் ஒரு தீவுக் காட்டின் கணக்கில் எழுதாதீர்கள்.

அந்தக் கணக்கையாவது கட்டுரை சொல்லியிருக்கலாம். திட்டத்துக்காக எடுத்துக்கொள்ளப்படும் காடு 130.75 சதுர கிலோமீட்டர். மரங்கள் 9.64 லட்சம் என்று சுற்றுச்சூழல் அமைச்சகமே நாடாளுமன்றத்தில் சொன்னது. துறைமுகம் வரப்போகும் கலாத்தியா விரிகுடா 1997 முதல் சரணாலயமாக இருந்தது. 2021 ஜனவரியில் அந்தத் தகுதியை எடுத்துவிட்டார்கள். அதே ஜனவரியில் அதே அமைச்சகம் வெளியிட்ட கடல் ஆமைப் பாதுகாப்புத் திட்டத்தில், ஆமைகள் முட்டையிடும் முக்கியமான இடம் என்று கலாத்தியா குறிக்கப்பட்டிருக்கிறது.

உலகத்திலேயே பெரிய கடல் ஆமையான லெதர்பேக், நம் மீனவர்கள் சொல்லும் ஏழுவரி ஆமை, இந்தியாவில் முட்டையிட வருவது முக்கியமாக இந்தத் தீவுகளுக்குத்தான். லிட்டில் அந்தமானில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினர் கருவி பொருத்தி அனுப்பிய ஆமைகளில் ஒன்று 13,000 கிலோமீட்டருக்கு மேல் நீந்தி ஆப்பிரிக்கப் பக்கம் போயிருக்கிறது. 2004 சுனாமியில் கலாத்தியா கடற்கரை அடித்துக்கொண்டு போய்விட்டது. மணல் மறுபடி சேர்ந்ததும் ஆமைகளும் மறுபடி வந்தன. அவற்றுக்கு எந்த ஊரில் ஈடு கொடுப்பீர்கள்?

மெகாபோட் பறவையைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. கோழி அளவுதான் இருக்கும். கடற்கரையை ஒட்டிய காட்டில் மண்ணையும் சருகையும் சீய்த்து இடுப்பளவு மேடு கட்டி உள்ளே முட்டையிடும். அடைகாப்பதில்லை, சருகு மட்கும் சூட்டிலேயே பொரியும். குஞ்சு தானே மண்ணைத் தோண்டி வெளியே வந்து காட்டுக்குள் ஓடிவிடும். சுனாமியில் பெரும்பகுதி அழிந்துபோய், மிஞ்சியவை அந்தக் கரையோரக் காட்டில்தான் இருக்கின்றன. மச்சினர் வீட்டுக்குப் பின்னால் அப்படி ஒரு மேட்டின் முன் நின்று பார்த்தவள் நான். அந்தச் சருகை ஹரியானாவில் எங்கே தேடுவது?

இது முதல் தடவை அல்ல என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன். முன்பு ஒரு கோடை மலரில் முட்டையிடும் ஆமையைச் சுற்றி டார்ச் பிடித்து நிற்கும் குடும்பத்தின் படம் போட்டிருந்தீர்கள். டிக்லிபூர் பக்கம் காளிப்பூர் கடற்கரையில் நாங்கள் இருட்டில் பேசாமல் உட்கார்ந்திருந்த ஒரு ராத்திரி, ஒரு சுற்றுலா நிறுவனம் கூட்டி வந்த கூட்டம் செல்போன் விளக்கைப் போட்டது. கரையேறிக்கொண்டிருந்த ஆமை முட்டையிடாமலேயே கடலுக்குத் திரும்பிவிட்டது. வனக்காவலர் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டும் விளக்கு அணையவில்லை. உங்கள் படத்தைப் பார்த்தபோது எனக்கு அந்தக் காவலர் முகம்தான் ஞாபகம் வந்தது. அப்புறம் அந்தமான் பழங்குடிகளான ஜாரவா மக்களைச் சாலையோரக் காட்சியாக வர்ணித்த கட்டுரைக்கும் கடிதம் போட்டேன், பதில் இல்லை.

2009 ஜனவரியில் பறவையியலாளர் ரவி சங்கரன் காலமானபோதும் எழுதினேன். கோவை ஆனைகட்டியில் உள்ள சாலிம் அலி பறவை ஆராய்ச்சி மையத்திலிருந்து போய் மெகாபோட்களை ஆராய்ந்தவர். அந்தமான் குகைகளில் உழவாரன் குருவிகளின் கூடுகளை, உணவுக்காக விலைபோகும் என்று, திருடிக்கொண்டிருந்தவர்களையே அவற்றின் காவலர்களாக மாற்றிய முயற்சி அவருடையது. தமிழ் இதழில் அவருக்கு நாலு வரி இடம் கிடைக்கவில்லையே என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

தீவுக்காரர்களுக்கு எதுவுமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல ஆஸ்பத்திரி வேண்டும், தவறாமல் வரும் கப்பல் வேண்டும். மச்சினர் குடும்பம் கப்பலுக்குக் காத்துக் கிடந்த அவதி எனக்குத் தெரியும். சுனாமியில் ஊரை இழந்த நிகோபாரிப் பழங்குடியினர் தங்கள் பழைய ஊருக்குத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இதையெல்லாம் கட்டுரையாளர் அங்கே யாரிடமாவது கேட்டிருக்கலாம்.

நான் கேட்பது சின்ன விஷயம்தான். அந்த வரி தவறு என்று அடுத்த இதழில், அதே பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். இனி அந்தமான் பயணக் கட்டுரை எது வந்தாலும், ஆமைக் கரையில் டார்ச், ஃபிளாஷ், செல்போன் விளக்கு கூடாது என்பதை ஒரு கட்டம் கட்டி வெளியிடுங்கள். நவம்பரில் ஆமைகள் வரத் தொடங்கும், அதற்குள் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
மயூர் விஹார், தில்லி.